எம்டனுக்கு எட்டு மீட்டர் கடல்

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் நீளம் 118 மீட்டர். 350-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 34 சென்டிமீட்டர். மேஜையில் தாராளமாக வைத்துவிடலாம். ரெவெல் நிறுவனம் இதே அளவில் பிளாஸ்டிக் கிட் வெளியிட்டிருக்கிறது. ஆனால், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய காட்சியை டயோரமாவாக அமைக்க உட்கார்ந்தால், கப்பலைவிடக் கடல்தான் முதலில் சோதிக்கும். எம்டன் சுட்டது சுமார் 2,700 மீட்டர் தூரத்திலிருந்து. அதே விகிதப்படி கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஏறக்குறைய எட்டு மீட்டர் தண்ணீர் வேண்டும். எந்த வீட்டுக் கூடத்தில் அவ்வளவு இடம் இருக்கிறது?

கப்பலைக் கரைக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்திவிடத்தான் கை போகும். அது கூடவே கூடாது என்பேன். எதிரி வருவான் என்ற நினைப்பே இல்லாமல் விளக்குகள் எரிய இருந்த நகரமும், அதை இருட்டிலிருந்து குறிவைத்த கப்பலும்தான் அந்த இரவின் கதை. தூரத்தை எடுத்துவிட்டால் கதையும் போய்விடும். இதற்கு வழி, கரையைக் காட்டாமல் விடுவது. கப்பலும் இருண்ட கடலும் மட்டும் போதும். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிவதைக் கரைப் பக்கமாகப் பொருத்திய ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு சொல்லிவிடும். அந்த வெளிச்சம் கப்பலின் ஒரு பக்கத்தில் மட்டும் படட்டும். மறுபக்கம் இருட்டாகவே இருக்கட்டும்.

வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே எந்தத் தேதி என்று முடிவு செய்துகொள்வது நல்லது. அமைதிக்காலத்தில் சீனக் கடலில் வெள்ளை வெளேரென்று நின்ற எம்டன், போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. அக்டோபர் 28 பினாங்குத் தாக்குதல் என்றால், மூன்று புகைபோக்கிகளுடன் ஏமாற்றுக்காகக் கட்டிய போலியான நான்காவதும் வேண்டும். நவம்பர் 9 என்றால் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டு, கோகோஸ் தீவுகளின் வடக்கு கீலிங் கரையில் ஏறி நின்ற சிதைவு அது. அதில் புகைபோக்கிகளே மிஞ்சவில்லை. ஒரே கப்பல்தான், ஆனால் ஒரு தேதிக்குச் செய்தது இன்னொரு தேதிக்கு ஆகாது.

கடல் செய்வதில்தான் எனக்குத் தனிப் பிரியம். கப்பலின் அடிப்பாகத்தை நீர்மட்டத்தோடு அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தெர்மக்கோலில் அதன் வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி இறக்க வேண்டும். மேலே மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நீர்த்த பெவிகாலால் ஒட்டி, ஈரம் காய்வதற்குள் தூரிகை நுனியால் அழுத்திச் சுருக்கம் எழுப்பினால் அலை கிடைக்கும். இங்கே கணக்கு தவறக்கூடாது. நிஜத்தில் ஒரு மீட்டர் உயர அலை, இந்த அளவில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆசைக்கு விரல் உயரம் அலை எழுப்பினால் அது எட்டு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு அலை ஆகிவிடும். நிறமும் அப்படித்தான்: இரவுக் கடலுக்கு நீலம் ஆகாது. கறுப்பில் கொஞ்சம் பச்சை கலந்து பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பளபளப்பு வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு கொடுத்தால்தான் ஆழம் தெரியும். அணியத்தில் வெள்ளை நுரையை அள்ளிப் பூசாதீர்கள். அது முழுவேகத்தில் ஓடும் கப்பலுக்கு உரியது. புகை, கொடி, அலை மூன்றும் ஒரே காற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். புகை ஒரு பக்கம், கொடி மறுபக்கம் என்றிருந்தால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்த கப்பலும் பொம்மையாகிவிடும்.

கொடிமரக் கயிறுகளுக்குக் கிட்டிலேயே பொருள் இருக்கிறது. உதிரிபாகங்களைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, அது தளர்ந்து மினுமினுக்கும் நொடியில் வெளியே எடுத்து இழுத்தால் தலைமுடி போல இழை வரும். சுடரிலேயே வைத்து இழுத்தால் அறுந்துவிடும். மாலுமி ஒருவரின் உயரம் ஐந்து மில்லிமீட்டர். முகம் வரைய வேண்டாம். தோள் சாய்ந்திருக்கும் விதமே அவர் குண்டு சுமக்கிறாரா, கரையைப் பார்க்கிறாரா என்று சொல்லிவிடும். பீரங்கிகள் பத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆள் வேண்டும்.

முடித்ததும் கண்ணாடிப் பெட்டி அவசியம். இழைக்கயிற்றில் படிந்த தூசியைத் துடைக்க வழியே கிடையாது, துடைத்தால் கயிறு கையோடு வந்துவிடும். நேர் வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம். பார்ப்பவரின் கண் கப்பலின் தளத்துக்கு நேராக வரும்படி உயரத்தில் வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்த்தால் கப்பல் சிறிதாகத் தெரியும், கடல் இன்னும் சிறிதாகத் தெரியும்.

பெயர்ப்பலகையில் 'எம்டன்' என்று மட்டும் பொறித்து நிறுத்திவிடாதீர்கள். அன்றிரவு சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன, குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவரில் இந்தத் தாக்குதலுக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. கப்பலை ஒட்டத் தொடங்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். தேதியோடு அந்த ஐந்து உயிர்களையும் உங்கள் பலகையில் எழுதுங்கள்.