தானாய் முளைக்கும் குச்சிக்கிழங்கு

மரவள்ளி பூக்கும், காய்க்கும், விதையும் விடும். சேலம், நாமக்கல் பக்கம் தலைமுறைகளாகக் குச்சி நட்டே குச்சிக்கிழங்கு விளைவதால், அதற்கு விதை உண்டென்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சேகோ ஆலைக்குப் போகும் வயலில் பத்து மாதத்தில் செடியைப் பிடுங்கிவிடுவார்கள். ஜலகண்டாபுரம் போன்ற ஊரில் வீட்டுப் புழக்கடையில் நிற்கும் நாலைந்து செடிகளுக்கு அந்த அவசரம் இல்லை. கிளை பிரியும் இடத்தில் பூங்கொத்து வரும். காய் முற்ற இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். காய்ந்ததும் பட்டென வெடித்து மூன்று விதைகள் தெறிக்கும். பார்வைக்குச் சிறிய கொட்டமுத்து மாதிரி இருக்கும்; இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்தாம். விதை நுனியிலுள்ள சதைப்பற்றுக்காக எறும்புகள் அதை இழுத்துப்போகும். மழைக்குப் பிறகு, யாரும் நடாத நாற்று அங்கங்கே தலைகாட்டும்.

பழைய குச்சித் துண்டு மண்ணில் கிடந்து துளிர்ப்பதும் உண்டு. அடிமண்ணை விரலால் விலக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: குச்சித் துளிர் பழைய கட்டையின் கணுவிலிருந்து பக்கவாட்டில் கிளம்பியிருக்கும், விதை நாற்றுக்கு அகன்ற இரண்டு வித்திலைகளும் நேரே இறங்கும் ஆணிவேரும் இருக்கும்.

இந்த வேறுபாடு முக்கியம். குச்சியில் வளர்வது தாய்ச்செடியின் அச்சு நகல். மரவள்ளிப் பூங்கொத்திலோ பெண் பூக்கள் முதலில் விரியும். ஆண் பூக்கள் விரிய ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அதற்குள் தேனீக்கள் வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். எனவே தானாய் முளைத்த ஒவ்வொரு நாற்றும் ஒரு புது ரகம். இப்பகுதியில் நெடுநாள் கோலோச்சிய எச்-226 கூட ஒரு காலத்தில் அப்படியொரு விதை நாற்றுதான். 1963இல் தொடங்கிய திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், கேரள நாட்டு ரகத்தை மலேயாவிலிருந்து வந்த எம்-4 ரகத்தோடு கலந்து, தேறிய நாற்றைத் தெரிந்தெடுத்து 1971இல் வெளியிட்டது. கயானாவின் மக்குஷி பழங்குடியினர் கலப்புச் செய்வதில்லை. களையெடுக்கும்போது தானாய் முளைத்தவற்றைத் தெரிந்தே விட்டுவைத்து, நன்றாக வந்தவற்றின் குச்சியைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. இலையை மஞ்சள் திட்டாக்கிச் சுருட்டும் தேமல் நோய் குச்சி வழியே தொடர்ந்து வரும். விதை வழியே வராது. ஆனால் வெள்ளை ஈ பக்கத்துச் செடியிலிருந்து அதைக் கொண்டுவந்துவிடும் என்பதால், இந்தச் சுத்தம் எத்தனை நாள் நிலைக்கும் என்பது அண்டை வீட்டுச் செடியைப் பொறுத்தது.

நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும் ஆணிவேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, செடிக்குச் செடி மூன்றடி விட்டு நடலாம். இருந்த இடத்திலேயே விட்டால் இன்னும் நல்லது. முதல் ஆண்டு விளைச்சலைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. நாற்றில் பெரும்பாலும் ஆணிவேர்தான் பருக்கும், குச்சி நட்டதுபோல் கிழங்கு சுற்றிலும் இறங்காது. முதல் ஆண்டின் உண்மையான அறுவடை தண்டுதான். அதைச் சாண் நீளக் கரணைகளாக நறுக்கி மறுபடி நட்டால், இரண்டாம் ஆண்டில் ரகத்தின் குணம் தெரியும்.

உண்பதில் மட்டும் அவசரம் ஆகாது. மரவள்ளியில் உள்ள லினமாரின் என்ற பொருள், கிழங்கை நறுக்கும்போது சிதைந்து சயனைடாக மாறும். புழக்கடையில் இனிப்பு ரகமே நின்றாலும், ஆலைக்கான கசப்பு ரகத்தின் மகரந்தம் கலந்திருந்தால் பிள்ளைச்செடி எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. கசப்பு ஓர் எச்சரிக்கைதான், ஆனால் கசக்காததெல்லாம் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. எனவே பச்சையாக ஒரு துண்டுகூடக் கடிக்காமல், இரண்டு தோலையும் உரித்து, சிறிதாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெந்த பின்னும் கசந்தால் அந்தச் செடியைக் குச்சியோடு கழித்துவிடலாம். பச்சைத் தோலையும் தழையையும் ஆட்டுக்குப் போடக் கூடாது.