வயர் இல்லாத சார்ஜர்: அடி வாங்குவது கரன்ட் பில்லா, பேட்டரியா?

இரவு 11 மணி. விளக்கை அணைத்தாயிற்று. தலைமாட்டில் இருக்கும் போனில் 9 சதவிகிதம்தான் சார்ஜ். இருட்டில் கேபிளின் முனையைத் தடவி எடுத்து, போனின் அடியில் இருக்கும் சின்னத் துளையைத் தேடி, இரண்டு முறை இடித்து, மூன்றாவது முறை ஒருவழியாகச் சொருகி... தினமும் நடக்கும் இந்தச் சின்னப் போராட்டத்துக்கு முடிவுகட்ட வந்ததுதான் வயர்லெஸ் சார்ஜிங். வட்டமான ஒரு பேடின் மேல் போனை வைத்தால் போதும். சார்ஜ் ஏற ஆரம்பித்துவிடும்.

விலை உயர்ந்த போன்களில் மட்டுமே இருந்த இந்த வசதி, இப்போது நடுத்தர விலை போன்கள் சிலவற்றுக்கும், புது கார்களின் டேஷ்போர்டுக்கும் வந்துவிட்டது. பண்டிகைத் தள்ளுபடியில் போன் வாங்கப் போகிறவர்கள், 'இதற்காகக் கூடுதலாகச் செலவு செய்யலாமா?' என்று யோசிக்கும் அளவுக்கு விளம்பரங்களும் வருகின்றன. வசதி கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் உடனே தெரிவதில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பின் தம்பி!

இதன் பின்னால் இருப்பது ஒன்றும் புதிய அறிவியல் இல்லை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். ஒரு கம்பிச் சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தைச் செலுத்தினால், அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உருவாகும். பக்கத்தில் இன்னொரு சுருளை வைத்தால், அதில் மின்சாரம் பிறக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்வதும் இப்படித்தான். சார்ஜிங் பேடுக்குள் ஒரு சுருள், போனின் முதுகுக்குள் ஒரு சுருள். அவ்வளவுதான்.

நம் சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பிலும் இதே தத்துவம்தான். அங்கே காந்தப்புலம் பாத்திரத்தைச் சூடாக்குகிறது. இங்கே பேட்டரியை நிரப்புகிறது. பேடுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு நாணயமோ சாவியோ மாட்டிக்கொண்டால் அது சூடாவதற்குக் காரணமும் இதுதான். தரமான பேடுகள், இப்படி நடுவில் ஏதாவது உலோகம் இருந்தால் கண்டுபிடித்து சார்ஜிங்கை நிறுத்திவிடும். மலிவான போலிகளில் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

நிறுவனத்துக்கு ஒரு முறை என்று இருந்தால் குழப்பம்தானே? அதற்காக 2008-ல் தொடங்கப்பட்டதுதான் வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு. அது உருவாக்கிய பொதுத் தரத்தின் பெயர் 'சீ'. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல் அது. 2012-ல் நோக்கியா லூமியா 920, 2015-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்6 என்று வளர்ந்து, 2017-ல் ஐபோன் 8, ஐபோன் 10 மாடல்களும் இந்தத் தரத்துக்கு மாறிய பிறகு, வயர்லெஸ் சார்ஜிங் பரவலானது.

பிளஸ் என்ன?

முதல் லாபம் சார்ஜிங் போர்ட்டுக்கு. தினமும் சொருகி உருவுவதால் தேய்ந்து, தூசியும் துணி நூலும் அடைத்து, கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலைக்கு வரும் போன்கள் ஏராளம். பேடைப் பயன்படுத்தினால் போர்ட்டுக்கு அந்தத் தேய்மானம் குறையும். போர்ட் பழுதானாலும் போன் உயிரோடு இருக்கும்.

மழையில் நனைந்த போனில் கேபிளைச் சொருகினால், 'போர்ட்டில் ஈரம் இருக்கிறது' என்ற எச்சரிக்கை வரும். அவசரம் என்றால், போனின் முதுகை நன்றாகத் துடைத்துவிட்டு பேடில் வைத்து சார்ஜ் செய்துகொள்ளலாம்.

உண்மையில் இந்த வசதி அதிகம் தேவைப்படுவது பெரியவர்களுக்குத்தான். பார்வை மங்கியவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், மூட்டுவலியால் விரலை மடக்கச் சிரமப்படுகிறவர்கள் ஆகியோருக்கு அந்தச் சின்னத் துளை ஒரு பெரிய தடை. 'வைத்தால் போதும்' என்பது அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. யார் உதவியும் இல்லாமல் போனைப் பயன்படுத்தும் சுதந்திரம்.

மைனஸ் என்ன?

வேகம் குறைவு. 'சீ' தரத்தின் அடிப்படை அளவு 5 வாட். 2023-ல் அறிமுகமான 'சீ 2' தரத்தில் 15 வாட், 2025-ல் வந்த அதன் அடுத்த பதிப்பில் 25 வாட். கேபிளில் 60, 80, 100 வாட் என்று போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இது நிதானமான நடைதான். சில நிறுவனங்கள் 50 வாட் வயர்லெஸ் வேகம் தருகின்றன. ஆனால், அதற்கு அந்த நிறுவனத்தின் பிரத்யேக சார்ஜரையே தனியாக வாங்க வேண்டும்.

பெயரில்தான் 'வயர்லெஸ்', பேடுக்கு வயர் உண்டு. போனிலிருந்து கழற்றிய வயரை பேடில் மாட்டியிருக்கிறோம், அவ்வளவே. கேபிளில் சார்ஜ் ஏறும்போது போனைக் கையில் எடுத்துப் பேசலாம். சாதாரண பேடிலிருந்து எடுத்தால் சார்ஜ் நின்றுவிடும்.

அடுத்தது, சரியாக வைப்பது. இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வேகம் குறையும். அதிகம் விலகினால் சார்ஜே ஏறாது. இரவில் வந்த அழைப்பில் போன் அதிர்ந்து நகர்ந்துவிட்டால், காலையில் அலாரம் அடிக்கக்கூட சார்ஜ் இருக்காது. எங்கே வைத்தாலும் மூன்று கருவிகளுக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றும் 'ஏர்பவர்' என்ற விரிப்பை 2017-ல் ஆப்பிள் அறிவித்தது. எதிர்பார்த்த தரத்தை எட்ட முடியவில்லை என்று சொல்லி 2019-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இதற்கு நல்ல தீர்வாக வந்தது காந்த வளையம். 2020-ல் ஐபோன் 12-ல் வந்த 'மேக்சேஃப்' முறையில், காந்தமே போனைச் சரியான இடத்தில் ஒட்டவைத்துவிடும். 'சீ 2' தரம் உருவானது அதன் அடிப்படையில்தான்.

இன்னொன்று, உலோக முதுகு வழியாக இந்த மின்சாரம் போகாது. அதனால், இந்த வசதி உள்ள போன்களின் முதுகு பெரும்பாலும் கண்ணாடி. கீழே விழுந்தால், உடைவதற்கு முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் தயாராக இருக்கும்.

கரன்ட் பில் எகிறுமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. கேபிளைவிட வயர்லெஸ் முறையில் மின்சாரம் அதிகம் வீணாகும் என்பது உண்மை. 2020-ல் 'ஒன்ஸீரோ' என்ற இணைய இதழ் பிக்ஸல் 4 போனை வைத்து சோதனை செய்தது. முழு சார்ஜ் ஏற கேபிளில் சராசரியாக 14.26 வாட்-ஹவர் செலவானது. வயர்லெஸ்ஸில் 21.01 வாட்-ஹவர். அதாவது, 47 சதவிகிதம் அதிகம்.

கேட்கும்போது பயமாக இருக்கலாம். கணக்குப் போட்டால் பயம் போய்விடும். பிக்ஸல் 4-ன் பேட்டரி 2,800 எம்.ஏ.ஹெச். இன்றைய 5,000 எம்.ஏ.ஹெச் போனுக்கு இதே விகிதத்தில் பார்த்தால், ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் 12 வாட்-ஹவர் கூடுதல் செலவு. வருடம் முழுக்க தினமும் பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை ஏற்றினாலும், கூடுதலாக ஆவது சுமார் 4.4 யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்று இரண்டரை நாள் விடாமல் சுற்றினால் ஆகும் செலவு அது. இரண்டு மாத பில்லில் ஒரு யூனிட்கூட வராது.

ஆக, பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால், வீணான அந்த மின்சாரம் எங்கே போகிறது?

உண்மையான விலை... சூடு!

வெப்பமாக மாறுகிறது. பேடிலும், போனின் முதுகிலும். அந்த முதுகுக்கு உள்ளேதான் பேட்டரி இருக்கிறது. லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே நடக்கும் வேண்டாத ரசாயன மாற்றங்கள் வேகமெடுக்கும். பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வயர்லெஸ் சார்ஜிங் பேட்டரியை நேரடியாகக் கெடுப்பதில்லை. அது தரும் கூடுதல் சூடுதான் பேட்டரிக்குச் சீக்கிரம் வயதாக்குகிறது.

ஐபோனை 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூழலில் வைத்தால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் நம் ஊர் அறைகளே அந்த அளவைத் தொட்டுவிடும். இதில் ஜன்னலோர வெயில், தடிமனான பேக் கவர், கீழே சூடான பேடு என்று எல்லாம் சேர்ந்தால்? வெயிலில் நின்ற காரில், மேப்பை ஓடவிட்டபடி பேடில் வைக்கப்படும் போனின் நிலையும் இதேதான். சூடு அதிகமானால், தன்னைக் காத்துக்கொள்ள போனே சார்ஜிங் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில சமயம் 80 சதவிகிதத்தோடு நிறுத்திவைப்பதும் அதனால்தான்.

'இரண்டு வருஷத்தில் போனை மாற்றிவிடுவோமே' என்று சொல்லலாம். ஆனால், நம் வீடுகளில் ஒரு போனின் ஆயுள் முதல் ஆளோடு முடிவதில்லை. மகன் புது போன் வாங்கினால், பழைய போன் அம்மாவுக்குப் போகும். அங்கிருந்து பாட்டிக்கோ, படிக்கிற தங்கைக்கோ போகும். இரண்டு வருடம் சூட்டில் வதங்கிய பேட்டரியும் கூடவே போகும். பேடின் வசதியை அனுபவித்தவர் ஒருவர். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்து தவிப்பவர் இன்னொருவர்.

இதயக் கருவி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு!

வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கரோ, இதயத்துடிப்பைச் சீராக்கும் டிஃபிபிரில்லேட்டரோ பொருத்தியிருந்தால், காந்தம் உள்ள போன்களிலும் சார்ஜர்களிலும் கூடுதல் கவனம் தேவை. இந்தக் கருவிகள் காந்தத்துக்கு எதிர்வினை காட்டக்கூடியவை. மேக்சேஃப் போன்களையும் சார்ஜர்களையும் இக்கருவிகளிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியும், வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியும் வைக்கச் சொல்கிறது ஆப்பிள். சட்டைப் பையில் போனை வைக்கும் தாத்தாக்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூரம் பற்றிய சந்தேகத்தை, கருவி பொருத்திய மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

வாங்குவதற்கு முன்... வாங்கிய பின்...

* பேடில் 'சீ' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை உண்மையா என்பதை வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியத்தின் இணையதளப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

* பேடோடு அடாப்டர் வருகிறதா என்று கேளுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய 5 வாட் அடாப்டரில் மாட்டினால், 15 வாட் பேடும் நத்தை வேகத்தில்தான் வேலை செய்யும்.

* உங்கள் போன் ஏற்கும் வேகத்துக்கு ஏற்ற பேடு போதும். 10 வாட் மட்டுமே ஏற்கும் போனுக்கு அதைவிட வேகமான பேடு வாங்கியும் பயனில்லை.

* போன் கவருக்குள் ஏ.டி.எம் கார்டு, மெட்ரோ கார்டு வைத்திருந்தால் எடுத்துவிட்டு பேடில் வையுங்கள். உலோகத் தகடும், விரலில் மாட்டும் வளையமும் உள்ள கவர்கள் வேண்டாம்.

* படுக்கை, தலையணை மேல் பேடை வைக்காதீர்கள். காற்றோட்டமான மேஜைதான் அதற்கு இடம்.

* போனில் 80 சதவிகிதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். போன் தொட்டால் சுடுகிறது என்றால், கவரைக் கழற்றுங்கள், அல்லது அன்றைக்குக் கேபிளுக்கு மாறுங்கள்.

யாருக்குத் தேவை?

அவசரமாகக் கிளம்புகிறவர்கள், நாள் முழுக்க கேம் ஆடுகிறவர்கள், வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆகியோருக்குக் கேபிளே சிறந்தது. அலுவலக மேஜையில் அவ்வப்போது கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு பேடு நல்ல துணை. இந்த ஒரு வசதிக்காக மட்டும் போனுக்குக் கூடுதலாகப் பல ஆயிரம் கொடுக்க அவசியம் இல்லை.

ஆனால், ஒருவருக்கு இது உண்மையிலேயே பயன்படும். இருட்டில் துளையைத் தேடித் தடவும் அம்மாவுக்கு. அவருக்கென்று பெரும்பாலும் வாங்கித்தரப்படும் விலை குறைந்த போன்களில் இந்த வசதி இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. உங்கள் பழைய போனில் அது இருந்தால், கைமாற்றும் முன் அமைப்புகள் பகுதியில் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். மோசமாக இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி போட்டு, கூடவே தரமான ஒரு பேடும் வாங்கிக் கொடுங்கள்.

போனோடு அதன் சோர்வையும் சேர்த்து அம்மாவிடம் கொடுக்க வேண்டாமே!