சாவி வாங்குமுன் ரேடியேட்டரைப் பாருங்கள்

இளையரசனேந்தல் வட்டாரம் கரிசல் பூமி. மானாவாரிக் காட்டை உழும் டிராக்டரானாலும், கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் ஓடும் லோடு ஆட்டோவானாலும், புழுதியையும் கோடை வெயிலையும் ஒருசேரத் தாங்கியாக வேண்டும். ரேடியேட்டர் வேலை செய்யாவிட்டால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டே வளைந்தும்விடும். ஒரு ஹோஸில் தொடங்கிய கசிவு, இன்ஜினைப் பிரிக்கும் செலவில் போய் நிற்கும்.

சர்வீஸ் முடிந்த கையோடும் இந்தக் கோளாறு வரலாம். கூலண்ட் மாற்றும்போது உள்ளே காற்று அடைத்துக்கொண்டால், டேங்க் நிறைந்திருந்தும் இன்ஜினுக்குள் சுழற்சி இருக்காது. ஹோஸ் கிளிப்பைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம். கூலண்டுக்குப் பதில் உப்புப் போர் தண்ணீரை ஊற்றினால், உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும்.

எனவே ஒர்க்‌ஷாப்பிலேயே, ஆறிய இன்ஜினில் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, மின்விசிறி உள்ள வண்டியானால் அது தானாகச் சுழலும்வரை ஓடவிடுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவில் நிலைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டு விழக் கூடாது. ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருந்தால் உள்ளே காற்று இருந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அந்த அளவை இன்னும் உயர்த்துகிறது. திறந்த நொடியில் கூலண்ட் முகத்தில் பீறிடும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, 108-ஐ அழையுங்கள், பற்பசை பூசாதீர்கள். வடித்தெடுத்த கூலண்ட் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் நெருங்காத இடத்தில் வையுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, செய்த சேவைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஊற்றிய கூலண்டின் பெயரும் மாற்றிய பாகங்களும் அதில் இருக்கட்டும். சொந்தப் பிழைப்புக்காக லோடு ஆட்டோ ஓட்டுபவரும் இந்தச் சட்டப்படி நுகர்வோரே.

ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும், சர்வீஸ் குறையால் இன்ஜின் கெட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இளையரசனேந்தல் குறுவட்டம் 2008-ல் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து கோவில்பட்டி வட்டத்துக்கு மாறியதால், இப்பகுதியினருக்கு அது தூத்துக்குடி மாவட்டம். வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இன்ஜினைப் பிரிக்குமுன் படம் எடுத்து, ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் தெரிவித்து, இன்னொரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய அறிக்கையையும் பழைய பாகங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் கேட்கும் சாட்சியம் இவைதான்.