வெட்டிய கைகளே காத்த மரங்கள்

பருவநிலை மாற்றம் குறித்து உலக நாடுகள் 1995ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் கூடிப் பேசி வருகின்றன. ஒப்பந்தங்களும் கையெழுத்தாகின்றன. ஆனாலும், காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டேதான் இருக்கிறது. வல்லரசுகளே தடுமாறும்போது ஒரு கிராமத்து விவசாயியும் மீனவரும் என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி பலருக்கும் எழுவது இயல்பு. அதற்கு நல்லதொரு விடை மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டில் கிடைக்கிறது.

மண்ணுக்குள் இருந்த காடு

சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள ஏழை நாடு நைஜர். 1970களிலும் 1980களிலும் அங்குக் கடும் வறட்சி வாட்டியது. வயல்களில் மரங்கள் அருகிப்போனதால் மணல்காற்று தடையின்றி வீசி, முளைத்த கம்புப் பயிரை மூடியது. ஒரே பருவத்தில் பலமுறை விதைக்க வேண்டிய நிலை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின.

அந்நாட்டின் மராடி வட்டாரத்தில் பணியாற்றிய டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், 1983இல் ஓர் உண்மையைக் கவனித்தார். வயலில் புதர்போல் தலைகாட்டியவை உண்மையில் வெட்டப்பட்ட பழைய மரங்களின் துளிர்கள். மண்ணுக்கடியில் வேர்கள் உயிரோடு இருந்தன. விதைப்புக்கு முன் அவற்றை வெட்டி எரிப்பது விவசாயிகளின் வழக்கம். அப்படிச் செய்யாமல் வலுவான சில தண்டுகளை விட்டு, மற்றவற்றைக் கவாத்து செய்தால் மரம் தானே எழும். கன்று வாங்கும் செலவும் இல்லை. தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

தொடக்கத்தில் இதைச் செய்தவர்களை மற்றவர்கள் ஏளனம் செய்தனர். நிழல் விழுந்து விளைச்சல் கெடும் என்று அஞ்சினர். ஆனால், காவோ என்று அங்கு அழைக்கப்படும் மரம் மழைக்காலத்தில் இலையை உதிர்த்து, வறண்ட காலத்தில் தழைக்கும். ஆகவே பயிர் வளரும்போது நிழல் தடையில்லை. உதிரும் இலை மண்ணுக்கு உரம்; காய் ஆடுமாடுகளுக்குத் தீவனம்.

இதைவிடப் பெரிய தடை சட்டத்தில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலம் தொட்டே மரங்கள் அரசாங்கத்தின் உடைமையாகக் கருதப்பட்டன. தன் வயலில் வளர்ந்ததை வெட்டினாலும் அபராதம் என்றால், யார்தான் மரம் வளர்ப்பார்? 1980களின் நடுப்பகுதியிலிருந்து இந்தக் கெடுபிடி தளர்ந்தது. மரம் தங்களுக்கே சொந்தம் என்ற நம்பிக்கை பிறந்த பிறகு, அந்த முறை ஊர் ஊராகப் பரவியது. சுமார் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 மில்லியன் ஹெக்டர் நிலத்தில் 200 மில்லியன் மரங்கள் எழுந்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவை கரியமில வாயுவை உள்வாங்குகின்றன. விவசாயிக்கோ விறகும் தீவனமும் கூடுதல் தானியமும் கிடைக்கின்றன.

காற்றாலையில் பங்கு

செல்வந்த நாடான டென்மார்க்கிலும் இதே பாடம்தான். அங்குள்ள சாம்சோ தீவில் வசிப்பவர்கள் சுமார் 4,000 பேர். எண்ணெயையும் நிலக்கரி மின்சாரத்தையும் வெளியிலிருந்து பெற்றுவந்த அத்தீவு, 1997இல் அரசாங்கம் நடத்திய போட்டியில் வென்று, பத்தாண்டுகளில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறும் பொறுப்பை ஏற்றது.

காற்றாலை என்றால் இரைச்சல், இயற்கை அழகு கெடும் என்று எதிர்ப்பு எழுவது வழக்கம். சாம்சோவில் ஊர்க் கூட்டங்கள் நடந்தன. காற்றாலைகளில் பங்கு வாங்க மக்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. நிலத்தில் 11, கடலில் 10 என அமைந்த காற்றாலைகளில் சில விவசாயிகளுக்கும், சில கூட்டுறவுகளுக்கும், சில நகராட்சிக்கும் உரியவையாயின. வைக்கோலை எரித்துப் பெறும் வெப்பம் வீடுகளுக்குச் செல்கிறது. மிகுதி மின்சாரம் தீவுக்கு வெளியே விற்கப்படுகிறது. காற்றாலை சுழன்றால் வருமானம் என்றபோது, எதிர்ப்பு தணிந்தது.

கண்டல் காடு தந்த குடிநீர்

கென்யாவின் தென் கடற்கரையில் உள்ள காசி விரிகுடாவில் கண்டல் மரங்கள் விறகுக்காகவும் கட்டுமானத்துக்காகவும் வெட்டப்பட்டு வந்தன. கண்டல் காட்டின் சேற்று மண் கரிமத்தை நீண்டகாலம் தேக்கி வைக்கக்கூடியது. 2013இல் அங்குள்ள கிராம மக்கள் 117 ஹெக்டர் காட்டைப் பாதுகாக்கும் திட்டத்தைத் தொடங்கினர். அக்காடு தேக்கும் கரிமத்துக்கு ஈடாக வெளிநாடுகளிலிருந்து கிடைக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை ஊராரே முடிவு செய்கின்றனர். குடிநீரும் பள்ளிக்கூடத் தேவைகளும் அதிலிருந்து நிறைவேறின. விறகுக்குத் தனியாகச் சவுக்கு மரங்களும் நடப்பட்டன. வெட்டாதே என்று சொன்னதோடு நில்லாமல், அடுப்புக்கும் வழி காட்டியதால்தான் காடு தப்பியது.

மலேசியாவிலும் இத்தகைய முயற்சி உண்டு. பினாங்குக் கரையோர மீனவர் சங்கத்தினர் 1997 முதல் கண்டல் கன்றுகளை நட்டு வருகின்றனர். மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடம் கண்டல் காடு என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

சொந்தமும் பொறுப்பும்

இம்முயற்சிகளால் மட்டும் உலகின் வெப்பம் தணிந்துவிடாது. தொழிற்சாலைகளின் புகையைக் கட்டுப்படுத்துவது அரசாங்கங்களின் கடமை. நைஜரில் கெடுபிடி தளராமலும், டென்மார்க்கில் அரசாங்கம் முன்வராமலும் மக்கள் முயற்சி இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.

தாமான்களிலும் பள்ளிகளிலும் மரம் நடுவிழாக்கள் நடக்கின்றன. படம் எடுத்து முடிந்ததும் கன்றுகள் வாடுவதும் உண்டு. எத்தனை கன்றுகள் நட்டோம் என்பதைவிட, நாளை தண்ணீர் ஊற்றப் போவது யார், பலன் யாருக்கு என்று கேட்பதே முக்கியம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால், தேர் தங்களுடையது என்று ஊரார் நினைத்தால்தான் வடத்தில் கை வைப்பார்கள்.