காபிக்கு க்ரீம்: டப்பாவில் உள்ள எண்ணைப் பாருங்கள்

பாலும் க்ரீமும் சரிபாதி கலந்த 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' இல்லாமல் பல அமெரிக்கர்களுக்குக் காலைக் காபி இறங்காது. ஐரோப்பாவுக்குப் போனால் அதைத் தேடித் திண்டாடுகிறார்கள். பெயரை விடுங்கள், டப்பாவில் அச்சிட்டிருக்கும் கொழுப்புச் சதவீதத்தைப் பாருங்கள்.

அமெரிக்கக் கலவையில் கொழுப்பு 10.5 முதல் 18 சதவீதத்துக்குள் இருக்கும். ஜெர்மனியில் 'காஃபேஸானே' என்று கேளுங்கள். 10 சதவீதத்திலேயே கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் 'காஃபேராம்' 15 சதவீதம். ஒரு கோப்பைக் காபிக்குப் போதுமான குட்டிக் கிண்ணத்தில் வரும். அதன் அலுமினிய மூடியில் உள்ள படங்களைத் தபால்தலை போலச் சேகரிப்பவர்களும் அங்கே உண்டு! பிரிட்டனில் 'சிங்கிள் க்ரீம்' வாங்குங்கள், 18 சதவீதம். 'டபுள் க்ரீம்' 48 சதவீதம். அது பழத்துக்கும் இனிப்புக்கும்தான் சரி. பிரான்சில் கெட்டியான 'க்ரேம் ஃப்ரேஷ்' புளிக்கவைத்தது, காபிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஐரோப்பாவுக்கு உல்லாசக் கப்பலில் போகும்போது மேசைமேல் பால் பவுடர் போன்ற 'க்ரீமர்' பாக்கெட்தான் இருக்கிறதா? பரிமாறுபவரிடம் க்ரீம் வேண்டும் என்று கேளுங்கள். இனிப்புகள் செய்யச் சமையலறையில் வைத்திருப்பார்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: 'நான் டெய்ரி' (பால் சேராதது) என்று போட்டிருக்கும் பல க்ரீமர்களில் சோடியம் கேசினேட் இருக்கிறது. அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே பிரியுங்கள்.