முதல்முறை திறந்தவெளி இசைக் கச்சேரிக்குப் போறீங்களா? டிக்கெட் மட்டும் போதாது!

மரக்காணம் உப்பளப் பக்கத்திலிருந்து ஈ.சி.ஆர் பஸ் ஏறி சென்னைக் கச்சேரிக்குக் கிளம்புபவர்கள் மறக்கக் கூடாத தேதி, 2023 செப்டம்பர் 10.

அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி. ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. கடைசியில் டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே போக முடியவில்லை. ஈ.சி.ஆர் ஸ்தம்பித்தது, முதல்வர் ஸ்டாலினின் வாகனமும் நெரிசலில் சிக்கியது. கூட்டத்தில் சீண்டலுக்கு ஆளானதாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மெயிலில் அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார்.

அதனால என்ன டிரெஸ் போடுறதுன்னு அப்புறம் யோசிக்கலாம். கேட் திறக்கும் நேரத்துக்கே போயிடுங்க. உள்ளே நுழைந்ததும் மேடையைத் தேடுறதுக்கு முன்னாடி, வெளியேறும் வழியைப் பார்த்து வைங்க. பெருங்கூட்டத்தில் போன் சிக்னல் கிடைக்காம போகலாம். கூட வந்தவங்க பிரிஞ்சா எங்கே சந்திக்கணும்னு முதல்லயே பேசிடுங்க. தள்ளுமுள்ளு வந்தா எதிர்த்துத் தள்ளாதீங்க. கைகளை நெஞ்சுக்கு முன்னாடி மடக்கிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஓரமா நகருங்க.

கடலோரப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போகும், ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒண்ணு இருக்கட்டும். (உப்பளத்து ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன!)

முக்கியமா, திரும்பி வர பஸ் எத்தனை மணி வரைக்கும்னு போகும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சா மொத்தக் கூட்டமும் ஒரே ரோட்டுக்குத்தான் வரும்.