‘நம்பர் 1 நான்தான்’னு சொல்லலாமா, வேண்டாமா? காயின் கலெக்டர்களின் கண்ணாமூச்சி ஆட்டம்!

2002-ம் ஆண்டு நியூயார்க்கில் ஓர் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வந்தது ஒரே ஒரு நாணயம். 1933-ல் அச்சடிக்கப்பட்ட அமெரிக்காவின் 20 டாலர் தங்கக் காசு. ‘டபுள் ஈகிள்’ என்பார்கள். அந்த வருடம் 4,45,500 காசுகளை அச்சடித்துவிட்டு, ‘இனி தங்கக் காசு புழக்கத்தில் வேண்டாம்’ என்று அரசு முடிவெடுத்ததால் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பியதில், தனிநபர் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே காசு இதுதான். விலை 75 லட்சத்து 90 ஆயிரத்து 20 டாலர். அதென்ன கடைசியில் ஒரு 20? அதிகாரபூர்வமாக வெளியிடப்படாத காசு என்பதால், அதன் முகமதிப்பான 20 டாலரை அமெரிக்கக் கருவூலத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருந்ததாம்!

நான் சொல்ல வந்தது விலையை இல்லை. வாங்கினது யாரு? அதுதான் விஷயம். உலகத்திலேயே விலை உயர்ந்த காசை வாங்கியவர் யார் என்று கிட்டத்தட்ட 19 வருடங்கள் ஊருக்குத் தெரியாது. 2021-ல் அது மீண்டும் ஏலத்துக்கு வந்தபோதுதான், பிரபல ஷூ டிசைனர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மேன் ‘நான்தான்’ என்று வெளியே வந்தார். இந்த முறை விலை சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலர். வாங்கியவர்? பெயரை வெளியிட அவருக்கு விருப்பமில்லை.

ஒரு செருப்பு வாங்கினாலே ஸ்டேட்டஸ் போடுற காலத்தில் இப்படியும் ஆட்கள். ஆனா அதே உலகத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு காசையும் போட்டோவோடு பட்டியல் போட்டு, ‘இந்த வரிசையில் உலகத்திலேயே நம்பர் 1 நான்தான்’ என்று காட்டும் கூட்டம். அவர்களுக்கான மைதானத்தின் பெயர் ‘செட் ரெஜிஸ்ட்ரி.’

காசுக்கு மார்க் போடுறாங்க!

ரெஜிஸ்ட்ரி என்னன்னு புரியணும்னா முதலில் கிரேடிங் புரியணும். ஒரு காசு எவ்வளவு புதுசாக, கீறல் இல்லாமல் இருக்கிறது என்பதற்கு 1 முதல் 70 வரை மார்க் போடுவார்கள். வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்க செம்புக் காசுகளுக்காக 1949-ல் உருவாக்கிய அளவுகோல் இது. 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 70 என்றால் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் குறை தெரியாதது.

இந்த மார்க்கைப் போடும் கம்பெனிகளில் பெரியவை இரண்டு. 1986-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பி.சி.ஜி.எஸ், அடுத்த வருடமே வந்த என்.ஜி.சி. காசை அனுப்பினால் பரிசோதித்து, மார்க் போட்டு, கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தருவார்கள். கலெக்டர்கள் அதை ‘ஸ்லாப்’ என்பார்கள். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒரு சான்றிதழ் எண் உண்டு. நம்ம பைக்கோட இன்ஜின் நம்பர் மாதிரி, ஒரு ஸ்லாபுக்கு ஒரு நம்பர்தான்.

2001 வாக்கில் இந்தக் கம்பெனிகள் ஒரு புது யோசனையோடு வந்தன. உங்களிடம் இருக்கும் காசுகளின் எண்களை எங்கள் தளத்தில் பதியுங்கள். உலகம் முழுக்க அதே வரிசையைச் சேர்ப்பவர்களோடு ஒப்பிட்டு ரேங்க் தருகிறோம். அவ்வளவுதான், அமைதியான ஹாபி ஒன்று கேம் லீடர்போர்டு ஆகிவிட்டது.

மார்க் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாக் காசுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. அரிய காசுக்கு வெயிட் அதிகம். ஓர் உதாரணம்: உங்கள் வரிசையில் இரண்டே காசுகள். ஒன்று அரியது, வெயிட் 10, கிரேடு 64. இன்னொன்று சாதாரணம், வெயிட் 1, கிரேடு 68. சராசரி 64.36. சாதாரணக் காசை 69-க்கு மாற்றினால் சராசரி 0.09 தான் ஏறும். அரியதை 64-லிருந்து 65-க்கு மாற்றினால் 0.91 ஏறும். அந்த ஒரு புள்ளிக்காகத்தான் லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள். பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துவிட்டு அந்த 64-ஐயும் 65-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நமக்கு வித்தியாசமே தெரியாது. உண்மையைச் சொன்னால், அனுபவசாலிகளே அடித்துக்கொள்ளும் இடம் அது.

கையைக் காட்டிட்டு சீட்டு ஆடுற மாதிரி

சரி, பட்டியல் போட்டால் என்ன பிரச்னை?

ரெஜிஸ்ட்ரியில் இருப்பது மட்டுமல்ல, இல்லாததும் தெரியும். உங்கள் வரிசையில் ஒரே ஓர் ஓட்டை. அந்தக் காசு இருந்தால் நீங்கள் முதலிடம். இது உங்களுக்குத் தெரியும், உங்கள் போட்டியாளருக்குத் தெரியும், முக்கியமாக காசு விற்கும் டீலருக்கும் தெரியும். பிறகு அவர் விலையைக் குறைப்பாரா என்ன? ஏலத்திலும் இதே கதைதான். முதலிடத்துக்கு மோதும் இரண்டு பேருமே ஒரே காசைத் துரத்தினால், விலையைத் தீர்மானிப்பது காசு இல்லை, ஈகோ.

இதற்கு கலெக்டர்கள் இன்றும் சொல்லிக்காட்டும் ஓர் உதாரணம் 1963-ம் ஆண்டின் ஒரு சென்ட் காசு. சேகரிப்பாளர்களுக்காகவே பளபளவென அடிக்கப்பட்ட ‘புரூஃப்’ வகை. லட்சக்கணக்கில் அடித்த காசுதான், ஆனால் 70 மார்க் வாங்கியது அப்போது அபூர்வம். 2001-ல் அப்படி ஒன்று 39,100 டாலருக்குப் போனது. ஒரு சென்ட்டுக்கு! அடுத்தடுத்த வருடங்களில் வேறு சில காசுகளும் 70 வாங்க, விலை சரிந்து எங்கேயோ போய்விட்டது. ‘டாப் பாப்’ என்று சொல்லப்படும், அதாவது தன் வகையில் அதிக மார்க் வாங்கிய காசைத் துரத்துகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். இன்னும் கிரேடிங்குக்கே போகாத காசுகள் எத்தனை பேர் வீட்டு டப்பாவில் கிடக்கின்றன என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அதனால்தான் விவரமானவர்கள் பாதி திறந்து பாதி மூடி ஆடுகிறார்கள். ரெஜிஸ்ட்ரியில் சொந்தப் பெயர் கட்டாயமில்லை, புனைபெயர் போதும். வரிசையை யாருக்கும் காட்டாமலும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய முக்கியக் காசைப் பதியாமல் வைத்திருந்து, வருடாந்திர விருதுக் கணக்கு முடியும் நேரத்தில் இறக்குகிறவர்களும் உண்டு. பக்கா பொலிட்டிக்ஸ்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியின் ‘உலக நம்பர் 1’ என்பது, காட்டச் சம்மதித்தவர்களுக்குள் நம்பர் 1. அவ்வளவுதான். அதைவிடச் சிறந்த வரிசை ஒன்று ஏதோ ஒரு பேங்க் லாக்கரில் சத்தமே இல்லாமல் இருக்கலாம்.

துப்பாக்கியோடு வந்தவர்கள்

விலை விஷயமாவது பணத்தோடு போகும். அடுத்தது அப்படி இல்லை.

1967 அக்டோபரில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வில்லிஸ் டு பான்ட் என்ற பணக்காரக் கலெக்டரின் வீட்டுக்குள் முகமூடிக் கொள்ளையர்கள் நுழைந்தார்கள். துப்பாக்கி முனையில் குடும்பத்தை மிரட்டி, ஆயிரக்கணக்கான அரிய நாணயங்களை அள்ளிச் சென்றார்கள். அதில் இருந்த 1866-ம் ஆண்டின் ஒரு வெள்ளி டாலர் 2004-ல்தான் கிடைத்தது. 37 வருடம்! அப்போது இன்டர்நெட்டும் கிடையாது, ரெஜிஸ்ட்ரியும் கிடையாது. ‘இந்த வீட்டில் இருக்கிறது’ என்ற தகவல் வெளியே போனதே போதுமானதாக இருந்தது. இன்றைக்கு அந்தத் தகவலைத் தேடுகிறவனுக்கு வேலை இன்னும் சுலபம். பட்டியலில் பெயர், பெயரை வைத்து ஃபேஸ்புக், ஃபேஸ்புக்கில் ‘ஃபேமிலியோட கோவா டிரிப்.’ முடிந்தது. அமெரிக்காவில் நாணயக் கண்காட்சி முடிந்து காரில் கிளம்பும் டீலர்களைப் பின்தொடர்ந்து கொள்ளையடிப்பது பல வருடமாகவே தொல்லை. காசு சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கென்றே அங்கே தனியாக ஒரு தகவல் மையம் இயங்குகிறது என்றால் பாருங்கள்.

இன்னொரு வகைத் திருட்டில் காசு உங்களிடமே இருக்கும், அதன் அடையாளம் மட்டும் போய்விடும். போலி ஸ்லாப் செய்பவர்களுக்குத் தேவை உண்மையான ஒரு சான்றிதழ் எண். வாங்குகிறவர் தளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தால், ‘ஆமாம், இந்தக் காசு, இந்த கிரேடு’ என்று சரியாகவே காட்டுமே! அதனால் பலரும் ஆன்லைனில் படம் போடும்போது கடைசி இலக்கங்களை விரலால் மறைத்துவிடுகிறார்கள். கம்பெனிகளும் சும்மா இல்லை. காசின் படத்தையும் எண்ணோடு சேர்த்துக் காட்டுவது, போனை வைத்துத் தட்டினால் சரிபார்க்கும் சிப்பை ஸ்லாபுக்குள் வைப்பது என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போ மூடியே வெச்சிடலாமா?

அதிலும் சிக்கல் இருக்கிறது. திறந்து காட்டுவதால் கிடைப்பது வெறும் கெத்து மட்டுமில்லை.

லூயிஸ் எலியாஸ்பெர்க் என்று ஒருவர். பால்டிமோர் நகர வங்கிக்காரர். அமெரிக்காவில் அடிக்கப்பட்டு அப்போது அறியப்பட்டிருந்த ஒவ்வொரு காசிலும் ஒன்று என முழு வரிசையை 1950-ல் முடித்தார். அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. கண்காட்சிகளில் வைத்தார், 1953-ல் ‘லைஃப்’ பத்திரிகை படங்களோடு கட்டுரை போட்டது. அவர் மறைந்த பிறகு காசுகள் ஏலத்தில் பிரிந்து போயின. ஆனால் ‘எலியாஸ்பெர்க்’ என்ற பெயர் ஸ்லாபின் லேபிளில் இருந்தால் இன்றும் விலையே வேறு. யார் கையில் இருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு தெரிந்த காசுக்கு மரியாதை அதிகம். இப்போது டெல் லாய் ஹேன்சன் என்ற யூட்டா மாநிலத் தொழிலதிபர், எலியாஸ்பெர்க் செய்ததைத் தானும் செய்யப் போகிறேன் என்று இறங்கி, சொந்தப் பெயரிலேயே ரெஜிஸ்ட்ரியில் வரிசைகளைப் பதிந்திருக்கிறார். அவரைப் பார்த்துக் காசுகளைப் பற்றிக் கற்றுக்கொள்கிறவர்கள் ஏராளம். ஆனால் ஒன்று, அவரிடம் காவலுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பணம் இருக்கிறது. நம்மிடம் இருக்கா?

திருட்டுப் போனாலும் பதிவுதான் கைகொடுக்கும். திருடன் முதலில் செய்வது ஸ்லாபை உடைப்பது. எண் அத்தோடு செத்துவிடும். ஆனால் ஒவ்வொரு காசிலும் இருக்கும் சின்னச் சின்னக் கீறல், கறை, நிறமாற்றம் எல்லாம் கைரேகை மாதிரி. நல்ல படம் இருந்தால், அதே காசு பத்து வருடம் கழித்து வேறு பெட்டியில் ஏலத்துக்கு வந்தாலும் ‘இது என்னுது’ என்று நிரூபிக்கலாம். அந்தப் படம் உலகத்துக்கே தெரியணும் என்று அவசியமில்லை. உங்களிடம் பத்திரமாக இருந்தாலே போதும்.

நம்ம ஊர் கலெக்டர்களே, ஒரு நிமிஷம்

விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடும் நண்பர்களுக்கும் இது பொருந்தும். போனில் எடுத்த படத்தில், லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடமும் சேர்ந்தே பதிந்திருக்கும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். பின்னணியில் பீரோவும் ஜன்னலும் தெரிய வேண்டாம். ஒரு கறுப்புத் துணி போதும்.

‘அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் வாங்கி நானும் ரேங்க்கில் வருவேன்’ என்று கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்று. 100 வருடத்துக்கு மேலான நாணயம், 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். ‘உங்க பழைய காசுக்கு லட்சம் தர்றோம், முதலில் கமிஷன் கட்டுங்க’ என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், போனை வைத்துவிடுங்கள். இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது மறைத்து வைப்பவர்களுக்கு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. வீட்டுக்கும் சொல்லவில்லை என்றால்? அப்பா 30 வருடம் சேர்த்ததை, என்ன ஏது என்று தெரியாமல் பிள்ளைகள் பழைய வெள்ளி விலைக்கு எடை போட்டு விற்றுவிடுவார்கள். என்ன காசு, எத்தனை, எங்கே இருக்கிறது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.